அதையே போட்டுடுங்க

அந்த ஊரில் வருஷத்துக்கு எத்தனை பேர் பொறியாளர் ஆகவேண்டும், எத்தனை பேர் விஞ்ஞானி ஆகவேண்டும் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கவில்லை. கல்வியாளர்கள் தீர்மானிக்கவில்லை. மாணவர்கள் தீர்மானித்தார்கள் என்று யாராவது சொன்னால் மாணவர்களே சிரிப்பார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், எட்டடிக்குப் பதினாறடி அறையில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்திருந்த சென்டரம்மா தீர்மானித்தாள்.

அவளுக்கே அது தெரியாமல்தான் தொடங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பரீட்சையில் முதலாவதாக வந்த ஒரு கண்ணாடிப் பையன், கல்லூரி விருப்பப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தான். நாற்பத்திரண்டு வரி. அவள் தட்டச்சு செய்து கொடுத்தாள். அடுத்து நின்ற தகப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தத் தம்பிக்குப் போட்டதையே நம்ம பையனுக்கும் போட்டுடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "எங்களுக்கும் அதே" என்றார், டீக்கடையில் சொல்வதுபோல. சென்டரம்மா அந்தப் பட்டியலைச் சேமித்து, அதற்கு 'நல்லது' என்று பேர் வைத்தாள். வருஷா வருஷம் புதிதாக முளைக்கும் படிப்புகளை உச்சியில் சேர்ப்பாள். மூடிப்போன கல்லூரிகளை அடியிலிருந்து எடுப்பாள். மற்றபடி 'நல்லது' நல்லபடியாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பையனிடம் அன்றைக்கே கேட்டிருந்தாள்: "எப்படித் தம்பி இவ்வளவு தெளிவா வரிசை போட்டே?"

"சீனியருங்களக் கேட்டேன் அக்கா. எந்த ஹாஸ்டல்ல காலையில குளிக்க வரிசை கம்மியோ, அது முதல்ல."

ஒன்பது வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் குளியலறை வரிசைப்படி தொழில்நுட்பம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு ஒரு ஞானியும் உண்டு. கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வருஷம் ஒருமுறை கல்யாண மண்டபத்தில் 'உயர்கல்வியும் உன்னத எதிர்காலமும்' என்று தொண்ணூறு ஸ்லைடு காட்டுவதால் ஸ்லைடு சார் என்றே பெயர். "உன் உள்ளத்தைக் கேள், உன் ஆர்வத்தைத் தேடு" என்று நாற்பத்தைந்தாவது ஸ்லைடில் சூரியன் உதிக்கும். தன் தங்கை மகனுக்கு விருப்பம் பதிய வந்தபோது அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "எதுக்கும் உங்க லிஸ்டையே போட்டுடும்மா. ரிஸ்க் வேணாம்."

இப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தலையெழுத்துத் தட்டச்சு செய்தவளுக்கு இந்த வருஷம் சொந்த மகள் முறை வந்தது.

மகள் நிலவியல் படிக்கவேண்டும் என்றாள்.

"என்னடி படிப்பு அது? கல்லைப் பாத்துக்கிட்டு உக்கார்றது?"

"நீ ஒன்பது வருஷமா கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே."

"அது எனக்குச் சோறு போடுது."

"அப்பாவுக்குக் கல்லுதான்மா சோறு போடுது."

வாஸ்தவம். அவளுடைய அப்பா போர்வெல் வண்டிக்காரர். மாதத்தில் இருபது நாள் வெளியூரில் துளை போட்டுவிட்டு, புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் நிறத் தூசியோடு வீடு திரும்புகிறவர். பள்ளி விடுமுறைகளில் மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். துளைக்குழாய் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, மேலே வந்து விழும் தூளை அவள் சின்னச் சின்னக் குவியலாகத் தரையில் வரிசை வைப்பாள். இருபதடிக்குச் செம்மண். அறுபதடிக்கு மஞ்சள். நூறடிக்கு மேல் உப்புத் தூவியதுபோல மினுக்கும் சாம்பல். ஒரு பழைய நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள்.

போன விடுமுறையில் ஒரு தோப்புக்காரருக்குத் துளை போட்டார்கள். கவைக்குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறவர் ஓர் இடத்தைக் காட்டினார். குச்சி அவர் கையில் பாம்பு மாதிரி துள்ளியது. முந்நூறு அடி போயும் புழுதிதான் வந்தது. மகள் நோட்டைப் புரட்டி, அந்த வட்டாரத்தில் முன்பு போட்ட மூன்று துளைகளைப் பார்த்து, "அப்பா, பாறை மேற்கால சரியுது. நாப்பது தப்படி தள்ளிப் போடுங்க" என்றாள். நூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் எகிறி வண்டியையே குளிப்பாட்டியது. "குச்சிக்காரரே, இனி அதை வச்சுப் பல்லு வெளக்குங்க" என்று அப்பா சொன்னது மூன்று ஊருக்குப் பரவியது.

"அதுக்காகப் பொம்பளைப் பிள்ளைய வெயில்ல அனுப்புறதா? நீங்க தூசி தின்னது போதாதா?" என்று சென்டரம்மா புருஷனிடம் கேட்டாள்.

"நான் தின்னேன். இவ படிக்கப் போறா. ரெண்டும் ஒண்ணா?" என்றார் அவர். "ஏன், அந்தப் படிப்புக்குச் சீட்டு கிடைக்காதா?"

"கிடைக்காதாவா! பெரிய காலேஜ்ல இருபது சீட்டு. போன வருஷம் எட்டுப் பேர்தான் சேந்தாங்க. அதுலயும் மூணு பேர் தெரியாம சேந்தவங்க."

சென்டரம்மாவின் பயம் வேறு. தரவரிசையில் மகள் ஒன்பதாயிரத்துச் சொச்சம். நிலவியலுக்கு அது தாராளம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது போதாது. ஆனால் சென்டரம்மா மகளே 'நல்லது' பட்டியலைத் தொடவில்லை என்று தெரிந்தால் ஊர் என்ன நினைக்கும்? சமையல்காரர் தன் வீட்டுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வாங்கின கதை ஆகாதா?

கடைசியில் சமாதானம் ஆயிற்று. முதல் விருப்பம் நிலவியல். அதற்குக் கீழே, பாதுகாப்புக்கு, 'நல்லது' முழுவதும்.

"முதலாவதுதான் கிடைச்சிடுமே, அப்புறம் எதுக்கும்மா அது?" என்றாள் மகள்.

"மாடியில தூங்குறவனுக்குக் கைப்பிடிச் சுவர் வேணும்ல? இருந்துட்டுப் போகட்டும்."

"யாருக்கும் தெரியாமப் போட்டுடு" என்று மகளும், "யாருக்கும் தெரியக்கூடாது" என்று அம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். காரணம்தான் வேறு வேறு.

பதிவுக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். வெயில் கதவுக்கு வெளியே குறுக்கே படுத்துக்கொண்டு யாரையும் வெளியே போகவிடவில்லை. உள்ளே முப்பது பேர். மின்விசிறி ஒருவருடைய வியர்வையை இன்னொருவர்மேல் வீசிக்கொண்டிருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அம்மா, இன்னொன்றில் மகள். மேசைக்கு அடியில் இருவரின் சோற்று டப்பாவும் திறக்காமல் கிடந்தன. பன்னிரண்டரை வாக்கில் கூட்டம் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து, சென்டரம்மா மகளின் கணக்கைத் திறந்தாள். முதல் விருப்பம், நிலவியல். கீழே நாற்பத்தேழு வரிகள். சரிபார்த்தாள். பிறகு அவள் கை, ஒன்பது வருஷப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. பிரிண்ட் கொடுத்தது.

அது அவளே வகுத்த சட்டம். தாளில் அச்செடுத்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் பட்டியலை இணையதளத்தில் பூட்டுவாள். "நான் அதைச் சொல்லவே இல்லையே" என்று எந்தத் தகப்பனும் பின்னால் வந்து நிற்கக்கூடாது. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று அவள் விரலுக்குத் தெரியாது. பிரிண்டரோ இடம் போதாமல், தடுப்புக்கு வெளியே, ஜனங்கள் பக்கம் இருந்தது.

அங்கே மருந்துக்கடைக்காரர் தன் மகனின் தாளுக்காகக் கைநீட்டி நின்றிருந்தார். இரண்டு தாளுக்குப் பதில் நான்கு வந்தது. அவர் மூன்றாவது தாளைப் பார்த்தார். மூலையில் புகைப்படம். புகைப்படத்தைப் பார்த்தார், தலையைத் தூக்கி, தடுப்புக்கு உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்த அசலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவருக்கு அச்செழுத்து எம்மாத்திரம்?

"தங்கச்சி" என்றார், குரலில் சர்க்கரை சேர்த்து. "நம்ம பையனும் உன் பையன் மாதிரிதானே?"

சென்டரம்மா தாளைப் பார்த்தாள். "அண்ணே, அதை இப்படிக் கொடுங்க. அது அவளோடது."

"அவளோடதுன்னு தெரியுது. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டரு, உன் பொண்ணுக்கு மட்டும் ஜியாலஜியா? என்ன விஷயம்? எங்களுக்கும் சொல்லலாம்ல?"

"விஷயம் ஒண்ணுமில்லண்ணே. அவளுக்கு அது பிடிச்சிருக்கு."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"பிடிச்சிருக்காம்!" என்றார் மருந்துக்கடைக்காரர். "பிடிச்சதை யாராவது படிப்பாங்களா? சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே!"

"உள்ள ஏதோ இருக்கு" என்றது வாசலோரக் குரல். "ஒன்பது வருஷமா அந்த வெப்சைட்டுக்குள்ளேயே குடியிருக்கிற பொம்பள. அவளுக்குத் தெரியாததா?"

"பேட்டரிக்கெல்லாம் இப்ப கல்லுலேர்ந்துதான் எடுக்குறாங்களாம்."

"பேட்டரி என்னங்க பேட்டரி? செவ்வாய்க்குப் போறாங்கல்ல? போய் எறங்குனா மொதல்ல என்ன இருக்கும்? கல்லு! அதப் பாக்க ஆள் வேணாமா?"

"கம்ப்யூட்டர் வேலையத்தான் கம்ப்யூட்டரே செய்யுதாமே. கல்லைக் கம்ப்யூட்டர் தூக்குமா?"

சொன்னவருக்கே அது அருமையான வாதமாகப் பட்டதால் இன்னொரு முறை சொன்னார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் தாளைப் படம் பிடித்துப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். முந்நூறு பேர் இருக்கிற குழு. முந்நூறு பேரிடமும் ஆளுக்கு மூன்று குழு.

கையெழுத்துப் போட்டுப் போனவர்களெல்லாம் வெயிலில் ஓடிவந்தார்கள். ஐந்து மணிவரை பூட்டைத் திறந்து மாற்றலாம் என்று விதி இருந்தது. "அதையே போட்டுடுங்க" என்றார்கள். "பாப்பாவுக்குப் போட்டதையே."

சென்டரம்மா மன்றாடிப் பார்த்தாள். "அய்யா, வெயில்ல அலையுற படிப்பு. மலை ஏறணும். பாம்பு பல்லி இருக்கும்."

"பாத்தீங்களா, எப்படி விரட்டுது!" என்றார்கள்.

"வேலையே கிடைக்காது."

"அப்ப உங்க பொண்ணுக்கு எதுக்கும்மா?"

அவள் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் நிலவியலின் மதிப்பு ஏறியது. வாயை மூடினாள், இன்னும் ஏறியது. "சர்வர் படுத்துடுச்சு" என்று ஒரு பொய் சொன்னாள். செல்போனில் பார்த்துவிட்டு, "ஓடுதே அக்கா" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்லைடு சார் மூச்சிரைக்க வந்து, "நான் போன வருஷமே எழுபத்தொண்ணாவது ஸ்லைடுல இதைக் கோடு காட்டினேன்" என்றார். எழுபத்தொன்றாவது ஸ்லைடில் 'நன்றி' கூறி, தேநீர் இடைவேளை விட்டிருந்தார். யாருக்கும் அது ஞாபகமில்லை, அவருக்கும் இல்லை.

புருஷனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் துளைக்கருவி இரைந்தது. "என்னாங்க, எல்லாரும் ஜியாலஜி கேக்குறாங்க!"

"என்னது? தண்ணி கேக்குறாங்களா? இன்னும் வரல! நூத்தி எண்பது ஓடுது!" என்று கத்திவிட்டு அவர் வைத்துவிட்டார்.

இந்த முறையில் விதி எளிது: தரவரிசையில் முன்னால் நிற்பவருக்கே முதலில் சீட்டு. ஒவ்வொருவரின் எண்ணும் சென்டரம்மாவின் திரையில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் மகன் நாலாயிரத்து இருநூறு. மகளுக்கு முன்னால் ஒன்று. நிலவியல், முதல் விருப்பம், அச்சு, கையெழுத்து, பூட்டு. அடுத்தவர் ஏழாயிரம், முன்னால் இரண்டு. அடுத்தவர் பன்னிரண்டாயிரம், அப்பாடா, பின்னால். அடுத்தவர் ஐயாயிரத்து ஐம்பது, மூன்று. தன் மகள் உட்காரவேண்டிய வகுப்பில் ஒவ்வொரு நாற்காலியாக எடுத்து, தன் கையாலேயே அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் மகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் விசைப்பலகையும் ஒரே மாதிரி சத்தம் போட்டன.

கடையை மூடிவிட்டு எழுந்து போகலாமே என்று தோன்றியது. எப்படிப் போவது? இருக்கிற ஒரே வாசலில் ஊரே நின்றது.

நாலேகால் மணிக்குக் கணக்குப் பதினாறு. அடுத்து வந்தது இஸ்திரிக் கடை அம்மாள். உள்ளங்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. மகள் எண் ஆறாயிரம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. எல்லாருக்கும் என்னமோ போடுறீங்களாமே, அதையே போட்டுடுங்க. நீங்க போட்டா சரியா இருக்கும்."

சென்டரம்மா தட்டச்சு செய்தாள். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து. யாருக்குத் தெரியப்போகிறது? அந்தம்மாளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. பிரிண்ட் கொடுக்கப் போனாள்.

"அம்மா" என்றாள் மகள், திரையை எட்டிப் பார்த்து. "இவங்களுக்கு முதல் விருப்பம் விட்டுப்போச்சு."

"தெரியும். நீ உன் வேலையப் பாரு" என்றாள், உதடு அசையாமல்.

"அவங்க அதைத்தானே கேட்டாங்க?"

"அவங்களுக்கு அது என்னன்னே தெரியாதுடி!"

"இங்க யாருக்கும்மா தெரியும்? கம்ப்யூட்டர் கேட்டப்ப மட்டும் தெரிஞ்சா கேட்டாங்க? அப்பல்லாம் கேட்டதைப் போட்டியே."

சென்டரம்மா மகளைப் பார்த்தாள். மகள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை, திருப்பித் திட்டிவிட்டு வேலையை முடித்திருக்கலாம்.

"உனக்குத்தாண்டி போகுது" என்றாள்.

"தெரியுது. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். என் பக்கம் ஏழு." மகள் திரும்பிக்கொண்டாள். "உன் பக்கம் பதினாறு. சேத்தா இருபத்திமூணு. எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா. அவங்களுக்கு ஒழுங்காப் போட்டுக் குடு."

மகள் பக்கத்தையும் எண்ணவேண்டும் என்று சென்டரம்மாவுக்குத் தோன்றவே இல்லை. இஸ்திரிக் கடை அம்மாளுக்கு முதல் வரியைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தாள். "நல்லா இருப்பே தாயி" என்று அந்தம்மாள் சுட்ட கையால் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்குத் தளம் மூடியது.

நான்காம் நாள் முடிவு வந்தது. பெரிய கல்லூரியின் நிலவியல் துறை, அது தோன்றிய நாளிலிருந்து முதன்முறையாக நிரம்பியது. நாலாயிரத்து நூறாவது எண்ணிலேயே முடிந்துபோனது என்பதால் இஸ்திரிக் கடை அம்மாள் மகளுக்கும் கிடைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மகன் மட்டும் யாரோ ஒருவர் டாக்டருக்குப் படிக்கப் போனதால் காலியான கடைசி நாற்காலியில் தொற்றிக்கொண்டான். அக்கம்பக்கத்து ஊர் சென்டர்களிலும் படம் பரவியிருந்தது. அங்கெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸை உச்சியிலிருந்து இறக்கியவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடியில் தள்ளியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இருந்த படிப்புகளே கிடைத்துவிட, விட்டுப்போன இடம் கீழே கீழே இறங்கி வந்தது. ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்ற சென்டரம்மா மகளைத் தேடி வந்து, கைப்பிடிச் சுவர் பிடித்துக்கொண்டது.

பெரிய கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ்.

காலை பதினொரு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். பின்னால் அவர் மகன்.

"நல்லாப் பண்ணினே தங்கச்சி" என்றார். "கல்லைக் காட்டி எங்க எல்லாரையும் மலையேத்தி விட்டுட்டு, காலியான எடத்துல உன் பொண்ண உக்கார வச்சிட்டே. பிரிண்டு தெரியாமத்தான் வந்துதாக்கும்?"

"அண்ணே, சத்தியமா..."

"வேணாம். கோபமில்ல. மூளை இருக்கு, பொழைக்கிறே. அடுத்த வருஷம் என் பொண்ணு வர்றா. அப்பயாவது எதைக் காட்டுறே, எதைப் போடுறேன்னு அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடு."

கடைக்கு ஆள் வந்திருப்பதாகக் குரல் கேட்டு அவர் போய்விட்டார். ஸ்லைடு சாரும் வந்து வாழ்த்திவிட்டுப் போயிருந்தார். 'வியூகம்' என்ற தலைப்பில் அடுத்த வருஷம் அவள் பத்து நிமிஷம் பேசவேண்டுமாம்.

சென்டரம்மா மகளிடம் கெஞ்சுகிற குரலில் கேட்டாள்: "வேணாம்னு சொல்லிடலாமா? அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"மார்க் இந்த வருஷத்துக்குத்தான் செல்லும். மறுபடி எல்லாப் பரீட்சையும் எழுதணும். உனக்குத் தெரியாதா? நீதானே எல்லாருக்கும் சொல்லுவே."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஊர்ல எல்லாரும் பாராட்டுறாங்களாம். என்ன சொல்றதுன்னு தெரியல, நீயே சொல்லுன்னாரு."

மருந்துக்கடைக்காரர் மகன் போகாமல் நின்றான். பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு. கையில் கல்லூரியிலிருந்து வந்த தாள்.

"ஏய், இதுல என்னென்னமோ வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. சுத்தியலாம். எந்தச் சுத்தியல்? எங்க கடைக்குப் பக்கத்துல ஆணி அடிக்கிறதுதான் இருக்கு."

"அது உடைஞ்சிடும்" என்றாள் மகள். "ஒரு பக்கம் தட்டையா, இன்னொரு பக்கம் உளி மாதிரி இருக்கணும். பிடியும் தலையும் ஒரே இரும்பா இருக்கிறதா வாங்கு. மரப்பிடி வெயில்ல காஞ்சு கழண்டுக்கும்."

அவன் மாத்திரைக் கவரில் எழுதிக்கொண்டான். "அப்புறம் லென்ஸு?"

"பத்து மடங்கு பெருசாக் காட்டுறது. அதுக்கு மேல வாங்காதே, எடம் கம்மியாத்தான் தெரியும். கயிறு கட்டிக் கழுத்துல போட்டுக்கோ. கல்லைக் கண்ணுகிட்ட கொண்டு வரணும். கண்ணைக் கல்லுகிட்ட கொண்டு போகாதே."

"இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று அவன் சிரித்தான். "உனக்குத்தான் நல்லதா கிடைச்சிடுச்சே."

சென்டரம்மா சும்மா இருக்க முடியாமல் வெற்றுத்தாளை எடுத்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"எழுதிக்கிட்டியா?" என்றாள் மகள்.

"எழுதிட்டேன்."

"அப்ப கொஞ்சம் தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிறே. பன்னெண்டு மணிக்குள்ள நான் என்னோட சீட்டை ஏத்துக்கணும்."